ஜப்பானின் மேற்குக் கரையில் மட்டும் ஏன் இத்தனை பனி?

கேட்கப்பட்ட கேள்வி இது: "ஜப்பானின் நிகாதா மாநிலம் ஏறக்குறைய ஏதென்ஸ் நகரத்தின் அட்சரேகையில்தான் இருக்கிறது. அப்படியிருக்க, அங்கே கடலோர ஊர்களில்கூட ஆள் உயரத்துக்கு மேல் பனி குவிவது ஏன்? அதே தீவின் மறுபக்கம் இருக்கும் டோக்கியோ ஏன் தப்பித்துக்கொள்கிறது? ஓர் ஆண்டு மலையில் கொட்டும் பனி மறு ஆண்டு ஊருக்குள் கொட்டுவது எதனால்?"

இந்த மூன்றுக்கும் விடை கடலில்தான் இருக்கிறது. பனி என்றதும் குளிரைத்தான் எல்லோரும் நினைக்கிறோம். ஆனால் குளிர் எவ்வளவு கடுமையாக இருந்தாலும் காற்றில் ஈரம் இல்லாவிட்டால் பனி பெய்யாது. இதற்கு விளாதிவஸ்தோக்கையும் சப்போரோவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே போதும். இரண்டும் 43 டிகிரி வட அட்சரேகையில், ஜப்பான் கடலின் எதிரெதிர்க் கரைகளின் பக்கம் இருக்கும் நகரங்கள். ஜனவரியில் விளாதிவஸ்தோக்கின் சராசரி வெப்பநிலை சப்போரோவைவிடப் பல டிகிரி குறைவு. ஆனால் அங்கே குளிர்காலம் பெரும்பாலும் வறண்டு, வானம் வெளுத்தே இருக்கும். ஏறத்தாழ இருபது லட்சம் மக்கள் வாழும் சப்போரோவிலோ ஒரு பருவத்தில் விழும் பனியைக் கூட்டினால் சராசரியாக 5 மீட்டரை நெருங்குகிறது. அதிகம் குளிரும் ஊரில் பனி குறைவு, குறைவாகக் குளிரும் ஊரில் பனி மிகுதி. இரண்டு ஊர்களுக்கும் நடுவே இருக்கும் கடலைத் தவிர வேறு எதுவும் இந்த வேறுபாட்டை விளக்கிவிடாது.

எண்களைப் படிக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். பருவம் முழுவதும் விழுந்த பனியின் கூட்டுத்தொகை வேறு, ஒரு குறிப்பிட்ட நாளில் தரையில் தேங்கி நிற்கும் பனியின் உயரம் வேறு. விழுந்த பனி தன் எடையாலேயே அமுங்கும், இடையில் உருகும். ஆகவே முதல் எண் எப்போதும் பெரிதாக இருக்கும். செய்திகளில் இவை இரண்டும் அடிக்கடி ஒன்றாகக் குழப்பப்படுவதால், கீழே எந்த இடத்தில் எதைச் சொல்கிறேன் என்பதைத் தெளிவாகவே குறிப்பிடுகிறேன்.

குளிர்காலத்தில் சைபீரியாவின் மேல் நிலம் வெகுவாகக் குளிர்ந்து, கனத்த, வறண்ட காற்று அங்கே படிந்து ஓர் உயர் அழுத்த மண்டலம் உருவாகிறது. அதே வேளையில் வட பசிபிக்கில், அலூசியன் தீவுகளை ஒட்டி, ஒரு தாழ்வழுத்த மண்டலம் நிலைகொள்கிறது. மேற்கே உயர்ந்தும் கிழக்கே தாழ்ந்தும் இருக்கும் இந்த அழுத்த அமைப்பால், காற்று வடமேற்கிலிருந்து ஜப்பானை நோக்கி இடைவிடாமல் வீசுகிறது. கிழக்காசியாவின் குளிர்காலப் பருவக்காற்று இதுதான். கண்டத்தை விட்டு வெளியேறும்போது இந்தக் காற்றில் ஈரம் என்று சொல்லத்தக்க அளவு எதுவும் இருப்பதில்லை. அடுத்த பல நூறு கிலோமீட்டர் தூரம் அது ஜப்பான் கடலின் மேல் பயணம் செய்கிறது.

அந்தக் கடல், இருக்கும் இடத்தைக் கருதினால், எதிர்பாராத அளவுக்கு வெதுவெதுப்பானது. தெற்கிலிருந்து வரும் குரோஷியோ நீரோட்டத்தின் ஒரு கிளை கொரியாவுக்கும் கியூஷுவுக்கும் இடையிலுள்ள சுஷிமா நீரிணை வழியாக உள்ளே நுழைந்து, ஜப்பானின் முதன்மைத் தீவான ஹோன்ஷுவின் மேற்குக் கரையை ஒட்டி வடக்கே செல்கிறது. இதனால் கடுங்குளிர் மாதங்களிலும் ஹொகுரிகு எனப்படும் நடுப்பகுதிக் கரைக்கு அப்பால் கடல்நீரின் மேற்பரப்பு வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸை ஒட்டியே இருக்கும். உறைநிலைக்குப் பல டிகிரி கீழே இருக்கும் காற்று அதன்மேல் வீசும்போது, கடல் தன் வெப்பத்தையும் நீராவியையும் மிக வேகமாக இழக்கிறது. அடியில் சூடேறி, மேலே குளிர்ந்தே இருக்கும் காற்று நிலைகொள்ளாமல் புரண்டு எழும்புகிறது. நமக்குப் பழக்கமான வெப்பச்சலன மழைக்கும் இதுவே அடிப்படை. இங்கே சூடேற்றுவது வெயிலில் காய்ந்த தரை, அங்கே குளிர்காலக் கடல்.

செயற்கைக்கோள் படங்களில் இதைக் கண்ணால் பார்க்கலாம். ஜப்பான் கடல் முழுவதும் காற்றின் திசையில் இணை இணையாக வெள்ளைக் கோடுகள் நீண்டு கிடக்கும். ஒவ்வொரு கோடும் சிறு சிறு மேகங்களின் வரிசை. ஆசியக் கரையை ஒட்டிய பகுதியில் மேகமே இருக்காது. காற்று போதிய ஈரத்தைச் சேர்த்த பிறகே கோடுகள் தொடங்கும். கரைக்கும் முதல் மேகத்துக்கும் இடையிலான இந்த வெற்றிடம் எவ்வளவு குறுகுகிறதோ அவ்வளவு குளிர்ந்த காற்று வந்துகொண்டிருக்கிறது என்று பொருள். ஜப்பானிய வானிலை முன்னறிவிப்பாளர்கள் அந்த இடைவெளியைப் பார்த்தே வரப்போகும் பனியின் வலுவைக் கணிக்கிறார்கள். படத்தை மட்டும் வைத்து இவ்வளவு சொல்ல முடிகிற வானிலை நிகழ்வுகள் அதிகம் இல்லை என்பதால், ஆர்வமுள்ளவர்கள் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை ஹிமாவரி செயற்கைக்கோள் படங்களைத் தொடர்ந்து பார்த்துவரலாம்.

வட அமெரிக்காவின் பேரேரிகளைச் சுற்றிப் பெய்யும் பனியும் இதே முறையில்தான் உருவாகிறது. ஆனால் அங்கே ஒரு தடை உண்டு. ஈரி போன்ற ஆழமற்ற ஏரி குளிர்காலத்தின் நடுவில் உறைந்துபோனால், நீராவி வரத்து அடைபட்டு, பனிப்பொழிவும் தளர்ந்துவிடும். ஜப்பான் கடலின் பெரும்பகுதி உறைவதே இல்லை. குளிர்காற்று வந்துகொண்டிருக்கும் வரை, டிசம்பரிலிருந்து மார்ச் வரை, நீராவிக்குக் குறைவில்லை.

இப்படி ஈரம் ஏறிய காற்று கரையைத் தொட்டதும் அதன் எதிரே நிற்பது ஹோன்ஷுவின் முதுகெலும்பு போன்ற மலைத்தொடர்கள். காற்று மலைச்சரிவில் ஏறி, மேலும் குளிர்ந்து, சுமந்துவந்த ஈரத்தையெல்லாம் மேற்குப் பக்கத்திலேயே கொட்டிவிட்டு, மறுபக்கம் வறண்ட காற்றாக இறங்குகிறது. தென்மேற்குப் பருவக்காற்று கேரளத்தில் கொட்டிவிட்டு, மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாண்டியதும் பல்லடம், உடுமலைப் பக்கம் வெறுங்காற்றாக வீசுவதைப் பார்த்தவர்களுக்கு இதை அதிகம் விளக்கத் தேவையில்லை. மலைக்குக் கிழக்கே இருக்கும் டோக்கியோவில் ஜனவரி மாதம் பெரும்பாலும் வெயிலடிக்கும் மாதம். ஆண்டு முழுவதற்கும் அங்கே விழும் பனியின் கூட்டுத்தொகை சராசரியாக 10 சென்டிமீட்டரைக்கூட எட்டுவதில்லை. டோக்கியோவிலிருந்து நிகாதாவுக்கு ரயிலில் செல்பவர்கள், ஒரு நீண்ட சுரங்கப்பாதையின் ஒரு முனையில் நீலவானத்தையும் மறு முனையில் கனத்த பனிப்பொழிவையும் காண்பது ஒவ்வொரு குளிர்காலத்திலும் நடப்பதுதான்.

மலைகளின் அமைப்பு மட்டுமல்ல, மலைகளுக்கு இடையிலுள்ள இடைவெளிகளும் பனியின் கணக்கைத் தீர்மானிக்கின்றன. இதற்குச் சிறந்த சான்று, ஷிகா, கிஃபு மாநிலங்களின் எல்லையில் இருக்கும் இபுகி மலை. அதன் உயரம் 1,377 மீட்டர்தான். ஜப்பானிய ஆல்ப்ஸின் சிகரங்களோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது. ஆனால் வகாசா வளைகுடாவின் பக்கம் மலைத்தொடர் தாழ்ந்து, கடற்காற்று உள்ளே புக வழிவிடுகிறது. அந்த வழியில் வரும் ஈரக்காற்று நேராக இபுகியில் மோதுகிறது. 1927 பிப்ரவரி 14 அன்று அங்கே தேங்கியிருந்த பனியின் உயரம் 11.82 மீட்டர். வானிலை நிலையம் ஒன்றில் அளந்து பதிவுசெய்யப்பட்ட பனி உயரங்களில் உலகிலேயே இதுதான் மிகப் பெரியது. அதே இடைவெளி வழியாகத் தப்பிச் செல்லும் பனிமேகங்கள் செகிகஹாராவைக் கடந்து நகோயா வரைகூட எட்டுவதுண்டு. 1964இல் ஓடத் தொடங்கிய டோக்காய்டோ ஷிங்கன்சென் அதிவேக ரயில்கள் இன்றும் பனி நாட்களில் அந்த ஒரு பகுதியில் வேகத்தைக் குறைத்துச் செல்கின்றன; தண்டவாளத்தின் மேல் தண்ணீர் தெளிக்கும் குழாய்களும் அங்கே உண்டு.

வடக்கே அவோமோரியில் ஹக்கோதா மலைச்சரிவில், ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில், சுகாயு என்ற வெந்நீர் ஊற்று ஊர் இருக்கிறது. ஒரு பருவத்தில் சராசரியாக 17 மீட்டருக்கு மேல் பனி விழும் இடம் அது. 2013 பிப்ரவரி 26 அன்று அங்கே தேங்கிய பனி 5.66 மீட்டர். மலையில் இப்படிக் குவிவதை எளிதில் புரிந்துகொள்ளலாம். என்னைப் பொறுத்தவரை இவற்றையெல்லாம் விட வியப்பானது நிகாதா மாநிலத்தின் தகாதா. கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 13 மீட்டர் உயரத்தில், கடலிலிருந்து சில கிலோமீட்டர் தூரத்தில், சமவெளியில் இருக்கும் ஊர் அது. 1945 பிப்ரவரி 26 அன்று அங்கே தேங்கிய பனி 3.77 மீட்டர். அதே குளிர்காலத்தில், மலைக்குள் நாகானோ மாநிலத்தின் மோரிமியானோஹாரா ரயில் நிலையத்தில் 7.85 மீட்டர் பதிவானது. அந்த உயரத்தைக் காட்டும் கம்பம் இன்றும் நிலையத்தில் நிற்கிறது. இத்தனைக்கும் தகாதா இருக்கும் நிகாதா மாநிலத்தின் தலைநகரான நிகாதா நகரத்தில் பனி மிகக் குறைவு. மலைகள் தொலைவில் இருப்பதும், காற்று வரும் பக்கத்தில் சாடோ தீவு முன்னே நிற்பதும் அதற்குக் காரணங்கள். ஆகவே "நிகாதாவில் பெரும்பனி" என்ற செய்தியைப் படித்தால் நிகாதாவில் எந்தப் பகுதி என்று கேட்டுக்கொள்வது நல்லது.

இனி மூன்றாவது கேள்வி. இந்தக் கரையின் பனிப்பொழிவை அங்குள்ளவர்கள் இரண்டு வகையாகப் பிரித்துப் பேசுகிறார்கள்: மலைப்பனி, ஊர்ப்பனி. பருவக்காற்று மிக வலுவாக வீசும்போது, வானிலை வரைபடத்தில் சம அழுத்தக் கோடுகள் வடக்குத் தெற்காக நெருக்கி நிற்கும். மேகங்கள் கடற்கரைச் சமவெளியில் நிற்க நேரமின்றி உள்ளே தள்ளப்பட்டு, மலையில் ஏறிய பிறகே கொட்டுகின்றன. இது மலைப்பனி. மாறாக, வானத்தின் மேலடுக்கில் கடுங்குளிர்க் காற்றின் ஒரு திரள் ஜப்பான் கடலின் மேல் வந்து நின்றுவிட்டால், கீழே காற்றின் வேகம் தளர்கிறது; சம அழுத்தக் கோடுகள் கடலின் மேல் வளைந்து தளர்ந்து கிடக்கின்றன. அப்போது மேகங்கள் கடலிலேயே உயரமாக வளர்ந்து, கரையைத் தொட்டவுடன் ஊர்களின் மேலேயே கொட்டிவிடுகின்றன. இதுதான் ஊர்ப்பனி. ஏறத்தாழ 5,500 மீட்டர் உயரத்தில் வெப்பநிலை மைனஸ் 36 டிகிரியோ அதற்குக் கீழோ இறங்கினால் பெரும்பனிக்குத் தயாராக வேண்டும் என்பது ஜப்பானில் வழக்கமாகச் சொல்லப்படும் அளவுகோல்.

ஊர்ப்பனியே அதிக சேதம் விளைவிப்பது. மலை ஊர்களில் வீடும் சாலையும் மனிதர்களும் பனிக்குப் பழகியவர்கள். சமவெளி நகரங்களில் அந்த அளவுக்கு ஆயத்தம் இருக்காது. 1963 ஜனவரியில் வந்தது ஊர்ப்பனி. நகாவோகாவில் 3.18 மீட்டர், ஃபுகுயி நகரத்தில் 2.13 மீட்டர் எனச் சமவெளி நகரங்களே புதைந்தன. ரயில்கள் நாட்கணக்கில் நின்றன. இருநூறுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். 2005 இறுதியில் தொடங்கி 2006 வரை நீண்ட குளிர்காலத்திலோ மலைப்பகுதிகளில்தான் பனி மிகுதி. நிகாதாவின் மலையடிவார ஊரான த்சுனானில் 4.16 மீட்டர் தேங்கியது. அந்தப் பருவத்தில் இறந்தவர்கள் 152 பேர். பெரும்பாலோர் வயது முதிர்ந்தவர்கள். கூரையில் ஏறிப் பனியைத் தள்ளும்போது விழுந்தும், கூரையிலிருந்து சரிந்த பனியில் சிக்கியும் இறந்தவர்கள். இளைஞர்கள் நகரங்களுக்குப் போய்விட்ட ஊர்களில் எழுபது, எண்பது வயதினர் கூரையேற வேண்டியிருக்கிறது என்ற உண்மை, வானிலை அட்டவணைகளில் தெரியாத ஒன்று.

மலைப்பனி, ஊர்ப்பனி என்ற இந்தப் பகுப்பு மட்டும் போதாது என்பதை அண்மை ஆண்டுகளின் பேரிடர்கள் காட்டியிருக்கின்றன. வட கொரிய, சீன எல்லையில் 2,744 மீட்டர் உயரமுள்ள பெக்து சிகரத்தை உள்ளடக்கிய மலைத்தொடர் இருக்கிறது. கண்டத்திலிருந்து புறப்படும் குளிர்காற்று இதில் மோதி இரண்டாகப் பிரிந்து, மலையைச் சுற்றி வந்து, ஜப்பான் கடலின் மேல் மீண்டும் ஒன்றோடொன்று சேர்கிறது. இரு காற்றுகளும் குவியும் கோட்டில் காற்று மேலெழுவதைத் தவிர வேறு வழியில்லை. ஆகவே சாதாரணக் கோடுகளைவிடப் பன்மடங்கு வலுவான, உயரமான மேகப் பட்டை ஒன்று கடலின் குறுக்கே நீள்கிறது. வானிலையாளர்கள் இதை ஜப்பான் கடல் துருவக் காற்றுக் குவிமண்டலம் என்கிறார்கள். அந்தப் பட்டையின் முனை கரையில் எங்கே தொடுகிறதோ அங்கே மணிக்குப் பல சென்டிமீட்டர் வேகத்தில் பனி சேரும். ஐம்பது கிலோமீட்டர் தள்ளி இருப்பவர்களுக்குச் சாதாரணப் பனி நாளாகவே அது கழியலாம். பட்டை மெல்ல நகர்ந்தால் பாதிப்பு பரவலாகிக் குறையும். ஒரே இடத்தில் நிலைத்து நின்றால்தான் ஆபத்து.

2018 பிப்ரவரியில் ஃபுகுயியில் நடந்தது அதுதான். நகரத்தில் தேங்கிய பனி 1.47 மீட்டரை எட்டியது. 1981க்குப் பிறகு அங்கே அந்த அளவு பனி வந்ததில்லை. தேசிய நெடுஞ்சாலை 8இல் ஏறத்தாழ 1,500 வாகனங்கள் சிக்கிக்கொண்டன. இரண்டு நாட்களுக்கு மேல் மக்கள் வண்டியிலேயே இருக்க நேர்ந்தது. சிக்கிய வாகனத்தின் புகைபோக்கியைப் பனி மூடிவிட்டால், எஞ்சின் வெளிவிடும் கார்பன் மோனாக்சைடு உள்ளே நிறைந்து உயிரைப் பறித்துவிடும். வெளியே இறங்கிப் புகைபோக்கியைச் சுற்றி அடிக்கடி பனியை அகற்றச் சொல்லி ஒவ்வொரு குளிர்காலத்திலும் அறிவுறுத்தப்படுவது இதனால்தான். 2021 ஜனவரியில் மீண்டும் தகாதா: 24 மணி நேரத்தில் 103 சென்டிமீட்டர் புதுப்பனி, தேங்கிய உயரம் 2.49 மீட்டர்.

இந்த மேகங்கள் இடியையும் கொண்டுவருகின்றன. இடிமழை கோடைக்கு உரியது என்பதே உலகின் பெரும்பகுதியில் வழக்கம். கனாசாவாவிலோ ஆண்டுக்கு நாற்பது நாட்களுக்கு மேல் இடி இடிக்கிறது, ஜப்பானின் நகரங்களில் இதுவே மிகுதி. அதிலும் பெரும்பங்கு குளிர்காலத்தில். குளிர்கால மேகங்கள் தாழ்வாக இருப்பதால் மின்னல் நிலத்துக்கு மிக அருகிலிருந்து பாய்கிறது, ஒவ்வொன்றின் ஆற்றலும் மிக அதிகமாக இருக்கக்கூடும். கடலோரக் காற்றாலைகளின் இறக்கைகள் இதனால் சேதமடைவது அங்கே தீராத சிக்கல். பனிப்பருவம் தொடங்கும்போது வரும் இந்த இடியைத் தோயாமா வளைகுடாவின் மீனவர்கள் புரி மீனோடு சேர்த்தே நினைக்கிறார்கள். கடல் கொந்தளித்து இடி முழங்கினால், கொழுத்த புரி மீன்கள் ஹிமித் துறையின் வலைகளுக்கு வரும் பருவம் தொடங்கிவிட்டது என்பது அவர்கள் அறிந்த கணக்கு.

பனியின் தன்மையும் கரை நெடுக ஒன்றாக இருப்பதில்லை. சப்போரோ இருக்கும் வடக்குத் தீவான ஹொக்கைடோவில் காற்று போதிய அளவு குளிர்ந்திருப்பதால் பனி உலர்ந்து, மாவு போலப் பறக்கும். உலகெங்குமிருந்து பனிச்சறுக்கு ஆர்வலர்கள் நிசேகோவுக்கு வருவது அதற்காகவே. தெற்கே ஹொகுரிகுவில் வெப்பநிலை பெரும்பாலும் உறைநிலையை ஒட்டியே ஊசலாடுவதால் பனி ஈரம் மிகுந்து கனக்கிறது. அமுங்கித் தேங்கிய பனி ஒரு கன மீட்டருக்கு 300 கிலோவரை எடையிருக்கும். நூறு சதுர மீட்டர் கூரையில் ஒரு மீட்டர் உயரத்துக்கு அது நின்றால் 30 டன். கனாசாவாவின் கென்ரோகுஎன் தோட்டத்தில் ஒவ்வொரு நவம்பர் தொடக்கத்திலும் பைன் மரங்களின் கிளைகளை உச்சியிலிருந்து கூம்பு வடிவில் கயிறுகளால் கட்டித் தாங்கவைக்கிறார்கள். அழகுக்காகச் செய்வது போலத் தோன்றினாலும், ஈரப்பனியின் சுமையில் கிளை முறியாமல் காப்பதற்கே அது தொடங்கியது.

இந்தச் சுமையோடு வாழ அங்கே கண்டுபிடிக்கப்பட்ட வழிகளில் ஒன்றைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நகாவோகாவின் சாலைகளின் நடுவே வரிசையாகச் சிறு துளைகள் பதிக்கப்பட்டிருக்கும். பனி பெய்யத் தொடங்கியதும் அவற்றிலிருந்து நிலத்தடி நீர் இருபுறமும் மெல்லப் பீய்ச்சி வழியும். குளிர்காலத்திலும் 13 டிகிரி அளவில் இருக்கும் அந்த நீர், விழும் பனியைத் தேங்கவிடாமல் கரைக்கிறது. 1961இல் அந்நகரில் தொடங்கிய இந்த முறை, 1963 பெரும்பனியின்போது தன் பயனைக் காட்டி, பிறகு கரை முழுவதும் பரவியது. நிலத்தடி நீரில் இரும்புச் சத்து மிகுந்திருப்பதால் அந்தச் சாலைகள் துருவின் நிறத்தில் செம்பழுப்பாகவே இருக்கும்; கோடையில் போகிறவர்களும் அந்த நிறத்தைப் பார்த்தே இது பனி ஊர் என்று தெரிந்துகொள்ளலாம். இதற்கு விலையும் உண்டு: குளிர்காலத்தில் ஒரே நேரத்தில் பெருமளவு நீர் உறிஞ்சப்பட்டதால் உவோனுமா பகுதியில் நிலமே தாழ்ந்தது. தகாதாவிலோ பழைய வழி வேறு. கடைகளும் வீடுகளும் தத்தம் முன்புறத்தில் கூரையிட்ட நடைபாதையைத் தம் நிலத்திலேயே அமைத்து, தெரு முழுவதும் மக்கள் நனையாமல் நடக்க வழிசெய்தன. அவற்றின் மொத்த நீளம் இன்றும் ஏறத்தாழ 16 கிலோமீட்டர். யாரும் தனியாகத் தப்பிக்க முடியாத ஒன்றை ஊர் முழுவதும் பகிர்ந்துகொண்ட முறை என்பதால், எனக்கு இது குழாய்களைவிட உயர்ந்ததாகத் தோன்றுகிறது. அரசும் 1962இல் பெரும்பனிப் பகுதிகளுக்கென்றே தனிச் சட்டம் இயற்றியது. ஜப்பானின் நிலப்பரப்பில் பாதிக்குச் சற்று அதிகமான பகுதி அந்தச் சட்டத்தின் கீழ் வருகிறது.

டோக்கியோவில் எப்போதாவது விழும் பனி இந்தக் கதையில் சேராது. தெற்குக் கடலோரமாகச் செல்லும் தாழ்வழுத்த மண்டலம் பசிபிக்கிலிருந்து ஈரத்தைக் கொண்டுவரும்போது விழுவது அது. 2014 பிப்ரவரியில் டோக்கியோவில் 27 சென்டிமீட்டரும், கோஃபுவில் 114 சென்டிமீட்டரும் தேங்கியது இப்படித்தான். அப்போது நிகாதாக் கரையில் குறிப்பிடத்தக்க பனி இருக்க வேண்டிய அவசியமே இல்லை.

புவி வெப்பமயமாதலால் இந்தப் பனி நின்றுவிடுமா என்பது இயல்பாக எழும் அடுத்த கேள்வி. கடந்த அறுபது ஆண்டுப் பதிவுகளில் ஜப்பான் கடல் கரையின் பருவ உச்சப் பனி உயரம் குறைந்தே வந்திருக்கிறது. உறைநிலையை ஒட்டி ஊசலாடும் ஹொகுரிகு சமவெளியில் பனியாக விழ வேண்டியது மழையாக விழுவதே முதன்மைக் காரணம். ஆனால் ஜப்பான் கடல் உலகக் கடல்களின் சராசரியைவிட வேகமாகச் சூடேறி வருகிறது. வெதுவெதுப்பான கடல் அதிக நீராவியைத் தரும்; கண்டத்திலிருந்து கடுங்குளிர்க் காற்று வரும் நாட்கள் இனியும் இருக்கும். ஆகவே பருவம் முழுவதற்குமான கூட்டுத்தொகை குறைந்தாலும், மலைப்பகுதிகளிலும் ஹொக்கைடோவின் உட்பகுதியிலும் ஒரே மூச்சில் கொட்டும் பெரும்பனி குறையாமலோ கூடியோ வரலாம் என்று கணிக்கிறார்கள். 2020 டிசம்பரில் பருவத்தின் தொடக்கத்திலேயே டோக்கியோவையும் நிகாதாவையும் இணைக்கும் கன்எட்சு விரைவுச் சாலையில் ஏறத்தாழ 2,100 வாகனங்கள் சிக்கியபோது, அதற்கு முந்தைய குளிர்காலம் பனியே இல்லாத பருவம் என்று சொல்லும்படி கழிந்திருந்தது.

கடலின் பங்கு எவ்வளவு என்பதற்குப் பழங்காலமும் சான்று தருகிறது. கடைசிப் பனியுகத்தின் உச்சத்தில் கடல்மட்டம் இன்றைவிட ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. ஆழமற்ற சுஷிமா நீரிணை ஏறக்குறைய அடைபட்டு, வெதுவெதுப்பான நீரோட்டம் உள்ளே வராமல் நின்றது. அக்காலத்தில் இன்றைவிடக் குளிர் மிகக் கடுமை. ஆனால் இந்தக் கரையில் விழுந்த பனி இன்றைவிடக் குறைவு. பனி உருகிக் கடல் உயர்ந்து, ஏறத்தாழ 8,000 ஆண்டுகளுக்கு முன்பு அந்த நீரோட்டம் முழு வலுவோடு உள்ளே பாயத் தொடங்கிய பிறகே, பூமி சூடாகியிருந்த காலத்தில், இன்று நாம் காணும் பெரும்பனிப் பருவங்கள் அங்கே நிலைபெற்றன.